போஸ்டரில் விழாத கோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இப்போது போஸ்டர் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. பிள்ளை வயதுக்கு வந்தால் போஸ்டர், கோவில் திருவிழா என்றால் போஸ்டர். ஆள் செத்தால் குளிப்பாட்டுவதற்கு முன்னாலேயே ரோசாப்பூவும் மெழுகுவர்த்தியும் போட்டுப் போனில் வந்துவிடும். எல்லாம் ஜெரோஷனின் கைவேலை. டயகம டவுனில் போட்டோ கொப்பி அடிக்கிற கடையில் வேலை செய்கிறவன். அந்தோனியார் கோவிலுக்குப் பக்கத்து லய வரிசையில் வீடு. தங்கமான பையன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவனை நான் நிறையத் திட்டப் போகிறேன்.

வினோதாவுக்கு ரத்தம் கேட்டு அவன் ஒரு போஸ்டர் செய்தான். அவள் உயிர் அந்தப் போஸ்டரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

வினோதா லயத்தில் எனக்கு அடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். ராகலைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். புருசன் ஜெயகாந்தனுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. அவள் சிரித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அழுதாலும் கேட்கும். முதல் இரண்டு பிள்ளையும் அவளுக்குத் தங்கவில்லை. இரண்டு தடவையும் தாய் வீட்டுக்குப் போய் வெறும் கையோடு திரும்பி வந்தாள். முனியாண்டி குத்தம் என்றார்கள், வாசல் சரியில்லை என்றார்கள். மாமியார் சேவல் அறுத்தாள். நான் மட்டும் என்ன பெரிய இவளா? நானும்தான் திருநீறு வாங்கிவந்து நெற்றியில் பூசிவிட்டேன்.

கிளினிக்கில் அவளுக்கு விசயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய ரத்தம் ஓ நெகட்டிவ். முதல் பிள்ளைக்கே போட வேண்டிய ஊசி ஏதோ போடாமல் போனதால், அதற்குப் பிறகு அவள் உடம்பு பொசிட்டிவ் ரத்தத்தை எதிரியாகவே பார்க்கிறது. இதை அவள் லயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. புருசனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. எனக்கும் அதே ரத்தம்தான். என் மூத்தவன் பிறந்தபோது டிஸ்பென்சரியில் 'மைனஸ்' என்று கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு என் மாமியார், "என்னாவோ கொறையாம்ல இவளுக்கு" என்று பெண்கள் கூடுகிற தண்ணிப் பீலி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றோடு நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே ரத்தம் படுத்திருந்திருக்கிறது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை, எனக்கு அவளைத் தெரியவில்லை.

மூன்றாவது பிள்ளை வயிற்றில் நின்றது. மாதம் நெருங்கியதும் அவளை வேலைக்குப் போக விடவில்லை. "வெரலுக்காய் அச்சாறு வேணும்க்கா" என்பாள். "ஒம் புருசன்கிட்ட கேளுடி, நானா ஒன்னைய கட்டிக்கிட்டேன்" என்பேன். ஆனால் வாங்கிக்கொண்டும் வருவேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் அவளுக்கு ரத்தம் படத் தொடங்கியது. ஜெயகாந்தன் த்ரீவீலில் ஏற்றி லிந்துலை தாண்டிப் பெரிய டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

மறுநாள் பின்னேரம் போஸ்டர் வந்தது. வினோதாவின் கல்யாணப் போட்டோ, மாலையோடு. மேலே ஒரு பெரிய சிவப்புத் துளி. அதற்குக் கீழே அழகழகான கொழுத்த எழுத்தில்: 'அவசர உதவி. நமது தோட்டச் சகோதரி வினோதாவுக்கு O இரத்தம் தேவை. நாளை பகலுக்குள்.'

போஸ்டரைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு லட்சணம். பார்த்த பெண்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். லயத்துக்கு லயம், குரூப்புக்குக் குரூப் போனது. போன் இல்லாதவர்களுக்காகக் கோவில் ஸ்பீக்கரிலும் வாசித்தார்கள்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் 'ஓ பொசிட்டிவ்' என்று முழுதாகச் சொல்கிறதில்லை. தைப்பூசத்துக்குக் கோவில் மண்டபத்தில் ரத்ததான முகாம் வைப்பார்கள். பாதிப்பேர் அதில் கொடுத்துக் கார்டு வாங்கியவர்கள். "நீ என்னா?" என்றால் "நா ஓ" என்பார்கள், "நா பி" என்பார்கள். அவ்வளவுதான். பொசிட்டிவ் என்பது சொல்லாமலே சேர்த்தி. மைனஸ்காரர்கள்தான் மைனஸ் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதனால் வெறும் ஓ என்று வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தோட்டத்தில் அதில் யாருக்கும் சந்தேகம் வராது, எனக்கும் வரவில்லை.

ஆனாலும் நான் போனேன். ஓ என்றார்களே, நமக்கும் ஓ இருக்கிறதே, வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரிக்காரன் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டு காலையில் கார்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போனேன். துரை நல்ல மனசு வைத்துக் கொழுந்து லொறியைக் கொடுத்திருந்தார். சாக்கை விரித்து, மேலே மழைக்குப் படங்கு கட்டி, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. நானும் ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

ஜெரோஷன் பின்பக்கத்தில் நின்று கார்டு பார்த்தான். போன வருசம் வேறொருவருக்கு ரத்தம் கொடுக்கப் போன ஆட்களில் பாதிப்பேர் வகை தெரியாமல் போய்த் திரும்பிவந்த கதை அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அவன் செய்ததில் தவறு ஒன்றும் இல்லை. என் கார்டை வாங்கிப் பார்த்தான்.

"அக்கா, இது நெகட்டிவ்வுக்கா."

"ஓ தானடா கேட்டிருக்கீங்க."

"ஓ தாங்க்கா. ஒங்களது மைனஸ். அது வேற."

"நீ என்னா டாக்டரா? போய்க் கேப்போம். வேணாம்னா வந்துட்டுப் போறேன்."

லொறி ஓட்டுகிற நல்லமுத்து அண்ணன் முன்னாலிருந்து தலையை நீட்டினார். "வீரம்மா, சும்மா நெரிச்சுக்கிட்டு ஒக்காராத. கீழ இன்னம் ஓ ஆளுங்க நிக்கிறாங்க. நீ எறங்கு, ஒரு ஆளு ஏறட்டும்."

"மாத்தி ஏத்துனா ஆளுக்கே ஆபத்துன்னு சொல்றாங்கக்கா" என்றான் ஜெரோஷன். மெதுவாகத்தான் சொன்னான், மரியாதையாகத்தான் சொன்னான்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் அடங்கினேன். ஓ மைனஸ் ரத்தத்தைப் பொசிட்டிவ் ஆளுக்கும் ஏற்றலாம் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. சண்டைக்காரி என்று தோட்டம் முழுக்க எனக்குப் பேர். மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவிடமே எதிர்த்துப் பேசுகிறவள். ஆனால் என் ரத்தத்தால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பயம் வந்துவிட்டது. நான் இறங்கினேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் பழனியாண்டி ஏறி உட்கார்ந்தான். நல்ல ஆள், ஓ பொசிட்டிவ். லொறி போனது. எல்லாரும் அந்தோனியாரையும் மாரியம்மாவையும் ஒன்றாகக் கூப்பிட்டுக் கும்பிட்டார்கள். நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன்.

இனி நான் சொல்லப் போவது எனக்குப் பிறகுதான் தெரியும். ஜெரோஷனைப் பிடித்து உலுக்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் பெற்றீசியா மிஸ் என்று ஒரு நர்ஸ். வினோதாவுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தது, அறுத்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும், எடுக்கும்போது ரத்தம் கொட்டும். இருந்த ஓ நெகட்டிவ் ரத்தத்தை முதல் நாளே ஏற்றி முடித்துவிட்டார்கள். கண்டியிலிருந்து வர வேண்டியது றம்பொடைப் பக்கம் மண் சரிந்து ரோட்டில் நின்றது. அதனால் மிஸ், ஜெயகாந்தனிடம் ஊரில் ஆள் தேடச் சொல்லி, அவன் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். வாயால் சொன்னால் மாற்றிச் சொல்லிவிடுவார்கள் என்று எழுத்தில் அனுப்பினார்.

அந்த மிஸ் சாதாரண ஆள் இல்லை. முன்பு ஒரு தடவை எல்லாரும் போடுகிற மாதிரி O-வுக்குப் பக்கத்தில் சின்னக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதிலிருந்து, கணக்குப் புத்தகத்தில் வருகிற மாதிரி நீளமான நிஜக் கழித்தல் அடையாளத்தை எங்கோ தேடி எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒட்டி அனுப்புவாராம். போனில் கழித்தல் என்று நாம் தட்டுகிறது வெறும் கோடுதானாம், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் போடுகிற கோடு. நிஜக் கழித்தல் வேறு எழுத்தாம். பார்த்தால் இரண்டும் கோடுதான். போனுக்குள்ளே வேறு வேறு. அவர் அனுப்பியது இப்படி இருந்தது: O− இரத்தம்.

ஜெயகாந்தன் அதை அப்படியே ஜெரோஷனுக்கு அனுப்பினான். ஜெரோஷன் அதை அப்படியே எடுத்துப் போஸ்டரில் ஒட்டினான். கை தவறவில்லை, எழுத்து மாறவில்லை. ஆனால் அவன் போஸ்டருக்குப் போடுகிற அந்தக் கொழுத்த அழகு எழுத்து இருக்கிறதே, அதைச் செய்தவன் அந்தக் கழித்தலைச் செய்யவில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எழுத்துச் செய்கிறவனுக்குக் கழித்தல் எதற்கு? இல்லாத எழுத்துக்குப் பதிலாக O-வுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி விழுந்தது. வெறும் பெட்டி.

"அந்தப் பொட்டி எப்பவும் வரும்க்கா" என்றான் ஜெரோஷன் என்னிடம். "பூ, இதயம், கும்புடுற கை இதெல்லாம் அனுப்புவாங்க. போஸ்டர்ல போட்டா பொட்டி பொட்டியா விழும். அசிங்கமா இருக்கும். எல்லாத்தயும் அழிச்சிட்டுத்தான் போடுவேன்."

அதையும் அழித்தான். அந்தச் சிவப்புத் துளியைக் கொஞ்சம் நகர்த்தி, இடைவெளி தெரியாமல் சரிக்கட்டினான். மிஸ் சோம்பேறித்தனமாகச் சின்னக் கோட்டையே போட்டிருந்தால் அது போஸ்டரில் விழுந்திருக்கும், அந்த எழுத்தில் சின்னக் கோடு இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கவனமாக இருந்தவரின் கவனமே குழி பறித்துவிட்டது என்றால் நான் எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

மலையில் எங்களுக்குப் போன் எடுக்காது. பத்தாம் நம்பர் மலை ஒரு பள்ளம். கொழுந்து நிறுக்க மேலே ரோட்டுக்கு ஏறினால்தான் கோடு கோடாகச் சிக்னல் வரும். பகலுக்குக் கொழுந்து நிறுக்கப் போய்க் கூடையை இறக்கினேன். மடியில் போன் விடாமல் அடித்தது. வந்து தேங்கி நின்ற அழைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் காட்டின. எல்லாம் ஜெரோஷன். எடுத்தால் அவன் அழுகிறான்.

"அக்கா, மைனஸ்தான் வேணுமாம்க்கா. வந்த ஆள் ஒருத்தரும் சரியில்லன்னுட்டாங்க. ஒங்க கார்டு எனக்கு ஞாபகம் வந்துச்சு. காலையிலருந்து எடுக்குறேன், நீங்க எடுக்கவே இல்ல. வந்துருங்கக்கா."

"எப்படா வேணும்?"

"இப்பவே வேணுங்க்கா."

என் வாயில் வந்ததை எல்லாம் அவனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே ஓடினேன். கொழுந்தை நிறுக்கவில்லை, படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கவும் இல்லை. கங்காணி கூப்பிட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் ஒரு த்ரீவீலை மறித்து ஏறினேன். அட்டை கடித்த காலில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. த்ரீவீல் ஓட்டுகிற பையன் பார்த்துவிட்டு, "அக்கா, காலு" என்றான். அட்டை குடிக்கிற அந்த ரத்தத்துக்குத்தான் அங்கே ஒருத்தி படுத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்று எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது.

லிந்துலைக்கு இந்தப் பக்கம் மண் விழுந்து கிடந்தது. காலையில் லொறி போனபோது அது விழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. ஒரு பொலிஸ்காரர் என்னை நிறுத்தினார். "யன்ட பே" என்றார், போக முடியாது என்று. என் அரைகுறைச் சிங்களத்தில், லே தெண்ட யனவா, ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்றேன். அந்த மனுசன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைப் பிடித்துத் தானே சேற்றைக் கடத்திவிட்டார். அந்தப் பக்கம் நின்ற வேன்காரனிடம் அவரே சொல்லி ஏற்றியும் விட்டார். பேர் தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

வேனில் உட்கார்ந்தபோது எனக்கு நம்பிக்கை இருந்தது. பொய் சொல்லவில்லை, நிறையவே இருந்தது. போனதும் படுத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், அவள் கண் திறந்ததும், "ஏன்டி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னாடி" என்று நாலு கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் லொறி நின்றது. ஆட்கள் எல்லாரும் மழையில் இறங்கி நின்றார்கள். படங்குக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பழனியாண்டி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே. ஓட்டமாக உள்ளே போய், சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கொண்டு, வாட்டு வாசலில் நின்ற நர்ஸிடம் கையை நீட்டினேன்.

"நா ஓ மைனஸ் மிஸ். கார்டு இருக்கு. எடுத்துக்குங்க."

அவர்தான் பெற்றீசியா மிஸ். அவர் என் கார்டை வாங்கவில்லை. என் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, நான் சுருட்டிவிட்ட சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். மணிக்கட்டு வரைக்கும் இறக்கி, நனைந்த துணியைத் தடவிச் சரியாக்கினார்.

"பிள்ளை இருக்குதும்மா" என்றார். "பொம்பளப் பிள்ளை."

நான் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜெரோஷன் கொரிடோரின் அந்த முனையில் தரையில் கிடந்தான். நெற்றியைச் சுவரில் முட்டி முட்டி அழுதுகொண்டிருந்தான். எழும்பிப் போய் அவனை உதைக்க வேண்டும் போல இருந்தது. அவனைப் பெற்றவளைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

ஜெயகாந்தன் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். கண்ணில் தண்ணீர் இல்லை. கையில் வினோதாவின் செருப்பை வைத்திருந்தான், ஏன் வைத்திருந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"மிஸ் சொன்னாங்கக்கா. ஒங்களுக்கும் அதே ரத்தமாம்."

"ஆமா தம்பி."

"அப்பறம் ஏன்க்கா நீங்க காலையில வரல?"

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, தெரியாமல் கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வந்தேன்டா, ஏறி உட்கார்ந்தேன்டா, இறக்கிவிட்டார்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்துகிற ஆள்தான் நான். ஆனால் போனை எடுத்தேன். ஜெரோஷனின் போஸ்டரைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். யார் செய்த வேலை என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு என் கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இத பாரு. ஓ-வுக்குப் பக்கத்துல என்னா இருக்கு? ஒன்னும் இல்ல. மைனஸ்ஸ விட்டுட்டான் அந்த மகராசன். அதுனாலதான் எறக்கி விட்டுட்டாங்க என்னைய."

ஜெயகாந்தன் போனை வாங்கினான். விரலால் படத்தைப் பெரிதாக்கி, எழுத்தைப் பார்த்தான், பிறகு வினோதாவின் முகத்துக்குக் கொண்டுபோனான்.

"இத நா நேத்தே பாத்தேங்க்கா" என்றான்.

"என்னா?"

"குரூப்ல போடுறதுக்கு முன்னாடி எனக்குத்தான் அனுப்புனான். 'சரியான்னு பாத்துச் சொல்லுங்கண்ணா, மாத்தணும்னா மாத்துறேன்'னு கேட்டான்." போனை என் மடியில் வைத்தான். "நா எழுத்தயே பாக்கலக்கா. அவ போட்டோவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நல்லா இருக்குடா, போடுன்னு சொல்லிட்டேன்."

நான் அவன் வாயைப் பொத்தினேன். அவன் என் கையை விலக்கிவிட்டு, சத்தமில்லாத குரலில் மறுபடியும் அதையே சொன்னான்.